முறைப்பாடும் நகரசபையும்: எல்சினோர் வழக்குப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

முறைப்பாடு என்னும் சொல் ஈழத்துத் தமிழ் வழக்கில் அன்றாடம் புழங்குவதொன்று. பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் நகரசபைக் கந்தோரிலும் மக்கள் செய்வது முறைப்பாடே. இதனையொட்டிப் பெட்டிசம் என்னும் வேறொரு சொல்லும் இங்கு வழங்குகின்றது. ஆயின் முறைப்பாட்டிற்குள்ள மதிப்புப் பெட்டிசத்திற்கு இல்லை. பெயர் எழுதாது, பக்கத்து வளவுக்காரனை மாட்டிவிடும் நோக்குடன் மேலிடத்துக்கு அனுப்பப்படும் மொட்டைக் கடிதத்தின் வாடை அதில் வீசும். உருவத்தில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டும் அதிகாரத்தை விளித்து எழுதப்படுவனவே. முறைப்பாடு செய்பவனோ தன் பெயரைத் துணிந்து எழுதுகின்றான்; தனக்கோ தன்னைச் சார்ந்தோருக்கோ நேர்ந்த தீங்கை எடுத்துரைத்து முறை கேட்கின்றான். முறை என்பதற்குப் பழந்தமிழில் நீதி என்ற பொருள் உண்டு என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

தமிழிலக்கிய மரபிலே முறைப்பாடு சிறப்பானதோர் இடத்தைப் பெற்றுள்ளது. மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணியை அசைப்பது வாய்பேசாத பசு. சிலப்பதிகாரத்தில் வாயிலோன் மூலம் தன் வரவை அறிவித்துவிட்டு அரசவையிற் புகுகின்றாள் கண்ணகி. இவ்விரு நிகழ்ச்சிகளையும் எடுத்துரைப்போர் மன்னனின் நீதியுணர்வையே பெரிதும் வியப்பது வழக்கம். முறைப்பாடு என்ற வகையில் அவற்றை நோக்குமிடத்து வேறொன்று புலனாகின்றது. இரண்டிலும் தீங்கு கண்முன்னே கிடக்கின்றது. தேர்க்காலில் அகப்பட்ட கன்றின் உடல் வீதியிலே கிடக்கின்றது. உடைத்த சிலம்பினின்று மாணிக்கப் பரல் தெறிக்கின்றது. இழந்தது எது, இழைத்தவர் யார் என்பவற்றில் எவர்க்கும் ஐயமில்லை. கேட்பவன் மனம் வைப்பதொன்றே எஞ்சியுள்ளது.

நகராட்சியின் பணிகள் கணினிவழி நடைபெறும் இக்காலத்தில் அத்தகைய எளிமை இல்லை. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்த்தல், வரி செலுத்தல், நூலகத்தில் நூல் இரவல் பெறல் ஆகிய எதனைச் செய்யினும் ஒருவரது பெயரும் விவரமும் எங்கோ பதிவாகின்றன. அங்கிருந்து வேறெங்கோ செல்கின்றன. அவ்வாறு சென்றமையால் நேர்ந்த தீங்கு யாதென உரியவரே பெரும்பாலும் அறியார். தீங்கு கண்ணுக்குத் தெரியாதவிடத்து முறைப்பாடு என்னும் பழைய வடிவத்தால் என்ன செய்ய முடியும் என்ற வினா எழுகின்றது. டென்மார்க் நாட்டின் ஹெல்சிங்கோர் நகரசபைக்கு எதிராக 2019ஆம் ஆண்டில் ஒரு தந்தை தொடங்கிய முறைப்பாடு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஹெல்சிங்கோர் என்றால் பலருக்கு விளங்காது. ஆங்கில இலக்கியம் பயின்றோர் அதனை எல்சினோர் என அறிவர். ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகம் நிகழும் இடம் அதுவே. குரொன்போர்க் கோட்டை இன்றும் அங்குக் கடலை நோக்கி நிற்கின்றது. அந்நாடகத்தில் ஒற்றாடல் ஒரு முக்கியமான இயக்குவிசை. நண்பர்கள் இருவர் ஒற்றராக ஏவப்படுகின்றனர். அரசியின் அறையில் திரைக்குப் பின்னின்று ஒட்டுக்கேட்கும் பொலோனியஸ் அத்திரையோடு குத்துண்டு மாள்கின்றான். எனவே இந்நகரின் தனியுரிமை வழக்கைப் பற்றி எழுதப் புகுவோர் பொலோனியஸின் திரையை இழுத்துவந்து நயம்பட உரைக்க விரும்புதல் இயல்பே. ஆயின் அவ்வொப்புமை பொருந்தாது. ஹெல்சிங்கோர் நகரசபையில் எவரும் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. பிள்ளைகளை ஒற்றறியும் எண்ணம் அங்கு எவருக்கும் இருந்ததாகக் கொள்ள ஆதாரமும் இல்லை. தீய எண்ணம் எதுவுமின்றி, நல்ல பணியொன்றைச் செய்கின்றோம் என்ற நம்பிக்கையுடன் செய்யப்பட்டதொன்று தவறாகியமையே இவ்வழக்கின் சிறப்பியல்பு.

நடந்தது வருமாறு: நகரசபையின் பாடசாலைகளில் மாணவர்களுக்குக் குரோம்புக் எனப்படும் மடிக்கணினிகள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றிற் பாடங்களைச் செய்வதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் கூகிள் நிறுவனத்தின் கல்விச் சேவையில் ஒரு கணக்குத் திறக்கப்பட்டிருந்தது. 2019 ஓகஸ்டில், கீழ்வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனின் பெயரில் யூரியூப்பில் ஒரு கருத்து வெளியாகியிருப்பது வீட்டாருக்குத் தெரியவந்தது. அதனை எழுதியவன் அச்சிறுவன் அல்லன். எனினும் அவனது முழுப்பெயரும் பாடசாலையும் வகுப்பும் அதனூடாக எவரும் காணத்தக்கவாறு வெளிப்பட்டுவிட்டன. தங்கள் பிள்ளைக்கு யூரியூப்பில் ஒரு கணக்கு இருப்பதையே பெற்றோர் அப்பொழுதுதான் அறிந்தனர்.

இதன் தொழில்நுட்பக் காரணம் மிக அற்பமானது. கூகிளின் கல்விச் சேவை இரு பகுதிகளைக் கொண்டது. மின்னஞ்சல், ஆவணம் எழுதுதல், வகுப்பறை முகாமை முதலியன அடிப்படைச் சேவைகள். யூரியூப் போன்றவை மேலதிக சேவைகள். முன்னையவற்றில் அந்நிறுவனம் நகரசபையின் ஏவலாளாக நின்று தரவைக் கையாள்கின்றது. பின்னையவற்றில் தானே உரிமையாளனாக நின்று தன் நோக்கங்களுக்காகக் கையாள்கின்றது. மேலதிக சேவைகளை நிர்வாகி மூடிவைக்கலாம், திறந்தும் விடலாம். ஹெல்சிங்கோரில் அவை திறந்து கிடந்தன. ஒரு திரையில் ஓர் அடையாளத்தை நீக்காது விட்டமையே செயலளவில் நடந்த பிழை.

இவ்விடத்தில் முறைப்பாடு முடிந்திருக்கலாம். கருத்து நீக்கப்படும், யூரியூப் மூடப்படும், அதிபர் ஒருவர் வருத்தம் தெரிவிப்பார். நகரசபைகளுக்கு எதிராக உலகெங்கும் எழுதப்படும் முறைப்பாடுகளுட் பெரும்பாலானவை இவ்வாறே முடிகின்றன எனக் கொள்வதில் தவறில்லை. முறைப்பாட்டுப் படிவமும் அத்தகைய முடிவையே எதிர்பார்த்து அமைக்கப்பட்டுள்ளது. உமக்கு நேர்ந்தது என்ன? எப்பொழுது நேர்ந்தது? அதற்குச் சான்று யாது? நீர் வேண்டும் பரிகாரம் என்ன? இவ்வினாக்கள் யாவும் நிகழ்ச்சியொன்றையே நாடி நிற்கின்றன. நிகழ்ச்சிக்கு முன்பே நிலவிய ஏற்பாட்டைக் கேட்பதற்கு அப்படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. தீங்கை ஓர் ஆளுக்கும் ஒரு நாளுக்கும் உரியதாகச் சுருக்குதல் அப்படிவத்தின் இயல்பு. இது எவரது சூழ்ச்சியுமன்று. காரியாலயங்கள் வேறு எவ்வகையிலும் கோவைகளை முடித்துவைக்க இயலாது.

அத்தந்தை நிகழ்ச்சியோடு நிற்க மறுத்தமையே இவ்வழக்கைப் பொருட்படுத்தத்தக்கதாக்கியது. கருத்து எவ்வாறு வெளியானது என்ற வினாவைக் கடந்து, என் பிள்ளையின் பெயரை அந்நிறுவனத்திடம் கொடுக்க நகரசபைக்கு எந்தச் சட்டம் இடமளித்தது, கொடுப்பதற்குமுன் எவரேனும் அதன் விளைவுகளை ஆராய்ந்தனரா என்ற வினாக்கள் முன்வைக்கப்பட்டன. இவை நிகழ்ச்சியை விட்டு ஏற்பாட்டை நோக்கித் திரும்பும் வினாக்கள்.

சட்டத்தின் நிலை இங்குச் சிறிது விளக்கப்படவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 77ஆம் உறுப்புரை, தன் தரவு முறைகேடாகக் கையாளப்படுவதாகக் கருதும் எவரும் மேற்பார்வை அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யலாம் என்கின்றது. கட்டணம் இல்லை, சட்டத்தரணி வேண்டுவதில்லை. முறைப்பாட்டின் நிலையைப் பற்றி மூன்று மாதங்களுக்குள் அறிவிக்காவிடின் நீதிமன்றத்தை நாடலாம் என்கின்றது அடுத்த உறுப்புரை. ஏட்டளவில் இது ஆராய்ச்சி மணியிலும் மேலானது. மனுநீதிச் சோழன் கதையில் குற்றவாளியின் தந்தையே நீதிபதி; அவன் நடுநிலை பிறழாமை அவனது பெருந்தன்மை. இங்கோ அதிகாரசபை நகரசபைக்குக் கட்டுப்படாதது. அதன் நடுநிலைக்குச் சட்டமே காவல்.

ஆயினும் சாதாரணக் குடிமகன் முதலிற் செல்வது நகரசபைக்கே. தன் பிள்ளை அன்றாடம் செல்லும் பாடசாலையை நடத்துவதும், அவனது ஆசிரியருக்கு வேதனம் வழங்குவதும் அச்சபையே. வணிக நிறுவனமொன்றின் சேவை பிடிக்காதவர் அதனை விட்டு நீங்கலாம். கல்வி கட்டாயமான நாட்டில், ஊர்ப் பாடசாலையை விட்டு நீங்குதல் அவ்வளவு இலகுவன்று. இதனாலேதான் அதிகாரமுடைய பொது நிறுவனங்கள் குடிமக்களின் சம்மதத்தைக் காட்டித் தரவைக் கையாளுதலை ஐரோப்பியச் சட்டம் ஐயத்துடன் நோக்குகின்றது. மறுக்க இயலாதவனின் சம்மதம் சம்மதமாகாது. நகரசபை தன் செயலுக்குப் பொதுப்பணி என்ற சட்ட அடிப்படையையே காட்டவேண்டும். அவ்வாறு காட்டுமிடத்து எந்தப் பொதுப்பணி, எத்துணை அளவுக்கு என்ற வினாக்களும் உடன் பிறக்கின்றன. இவ்வழக்கின் உயிர்நிலை இதுவே. இதற்கு விடை கிடைக்க 2024 வரை சென்றது.

முதற்றீர்ப்பு 2021 செப்டெம்பரில் வந்தது. டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஹெல்சிங்கோர் நகரசபையைக் கடுமையாகக் கண்டித்தது. அதிகாரசபை கண்டறிந்தவற்றுள் யூரியூப் கருத்து மிகச் சிறியதே. இக்கணினிகளையும் இச்சேவையையும் பாடசாலைகளிற் புகுத்துமுன் நகரசபை செய்திருக்கவேண்டிய இடர் மதிப்பீடு உரியவாறு செய்யப்படவில்லை என்பதே முதன்மையானது. எந்தத் தரவு எங்கு செல்கின்றது, யார் அதனைக் காண்பர், பிள்ளைக்கு நேரக்கூடிய கேடு யாது, அதைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்ந்து எழுதிவைக்கும் ஆவணமே அம்மதிப்பீடு. அதனை இப்பொழுதாவது செய்க என அதிகாரசபை பணித்தது.

இலக்கிய மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவாகும். முறைப்பாடு என்பது வறியவன் வலியவனுக்கு எழுதும் எழுத்து. வலியவன் அதற்குப் பதிலெழுதலாம், எழுதாதும் விடலாம். வரலாறு முழுவதும் இதுவே நிலை. இங்கு நிகழ்ந்ததோ வேறு. ஒரு தந்தையின் எழுத்து, தான் செய்வது இன்னதென்று தானே ஒருபோதும் எழுதிப் பார்த்திராத ஒரு நிறுவனத்தை அதனை எழுதும்படி செய்தது. நகரசபை ஆயிரக்கணக்கான பக்கங்களில் எத்தனையோ எழுதுகின்றது: வரவுசெலவுத் திட்டம், தீர்மானங்கள், சுற்றுநிருபங்கள். பிள்ளைகளின் பெயரும் எழுத்தும் நாட்டு எல்லை கடந்து செல்வதை மட்டும் அது எழுதவில்லை. எழுதாதவரை அது நிகழ்வதை எவரும் அறியவேண்டியிருக்கவில்லை, நகரசபை உறுப்பினர் உட்பட. கணக்கைத் திறந்தவர் உபகரணம் வாங்கியதாக எண்ணினார். ஆசிரியர் பாடம் நடத்தியதாக எண்ணினார். இருவரும் பொய்யரல்லர். மதிப்பீட்டை எழுதப் புகுந்தபோதுதான், வாங்கியது உபகரணம் மட்டுமன்று என்பது துலங்கிற்று.

எழுதப்பட்ட மதிப்பீடும் போதாது என 2022 யூலையில் அதிகாரசபை கண்டது. நிறுவனம் தரவைக் கையாளும் முறையிலுள்ள குறிப்பிட்ட இடர்கள் அதில் ஆராயப்படவில்லை. உதவிச் சேவையின் பொருட்டுத் தரவு ஐரோப்பாவுக்கு வெளியே செல்லுமிடத்து அதற்குரிய பாதுகாப்பு உறுதிசெய்யப்படவில்லை. ஆகவே ஹெல்சிங்கோர்ப் பாடசாலைகளில் இச்சேவையைப் பயன்படுத்தல் தடைசெய்யப்பட்டது. டென்மார்க்கில் இவ்வதிகாரசபை தானே தண்டம் விதிக்க இயலாது. பொலிசாருக்கு அறிவித்து நீதிமன்றமே அதனை விதிக்கவேண்டும். தடைவிதித்தல் அதன் கையிலேயே உள்ளது. அதுவே இங்குப் பயன்பட்டது. ஓகஸ்டில் புதிய பாடசாலையாண்டு தொடங்கும் வேளையில் நகரசபை அனுப்பிய மேலதிக விளக்கங்களும் ஏற்கப்படவில்லை. 18ஆம் திகதி தடை உறுதிசெய்யப்பட்டது. செப்டெம்பர் 8ஆம் திகதி, குறைகளைத் திருத்துவதற்கு அவகாசம் அளித்துத் தடை இடைநிறுத்தப்பட்டது. யூலைத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் ஏனைய நகரசபைகளை நடுங்கச் செய்திருக்கவேண்டும். இம்முடிபுகளுட் பல, இதே ஏற்பாட்டைக் கொண்டுள்ள பிற நகரசபைகளுக்கும் பொருந்தக்கூடும் என்ற கருத்து அதில் வெளியிடப்பட்டிருந்தது.

இத்தடைக்கு எதிரான குரல்களைப் புறந்தள்ளிவிட முடியாது. ஓர் யூரியூப் கருத்துக்காக நகரத்துப் பிள்ளைகள் அனைவரதும் கருவியைப் பறிப்பது எவ்வகை நீதி என்ற வினா நியாயமானதே. வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைக்கு, எழுத்தை உரக்க வாசித்துக்காட்டும் கணினி சலுகையன்று. அதுவின்றி வகுப்பில் அப்பிள்ளை ஊமையாகிவிடும். இவ்வினாவுக்கு விடையாகத் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று மட்டும் கூறி அமைதல் சோம்பல். உண்மையான விடை வேறு. கருவியின்றி அப்பிள்ளை ஊமையாவான் என்பது உண்மையாயின், அக்கருவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திராத நகரசபை அப்பிள்ளையின் வாயையே பிறரிடம் ஒப்படைத்துள்ளது என்பதும் உண்மையாகும். தடையினால் விளைந்த இடர்ப்பாடு, தடைக்கு முன்பே இருந்த சார்புநிலையின் அளவைக் காட்டிற்றேயன்றி அதனை உண்டாக்கவில்லை.

மற்றொரு கண்டனம் முற்போக்குச் சிந்தனையாளரிடமிருந்து வரக்கூடியது. தனியுரிமை என்பதே தனிச்சொத்து மனப்பான்மையின் குழந்தை. தனி மனிதன் தன் வேலியைக் காக்க எழுதும் முறைப்பாடு சமூக உறவுகளை மாற்றாது. பெருநிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்க்கக் கூட்டு இயக்கமே வேண்டும் என்பர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் ஹெல்சிங்கோர் முறைப்பாடு வேலியைப் பற்றியதன்று. பொதுப் பணத்தில், பொதுப் பாடசாலையில், பொது அதிகாரத்தைக்கொண்டு திரட்டப்பட்ட தரவு ஒரு தனியார் நிறுவனத்தின் உற்பத்திக்கு மூலப்பொருளாகின்றதா என்பதே அதன் கேள்வி. இதைவிடச் சமூகம் சார்ந்த கேள்வி யாது? மேலும், கூட்டு இயக்கத்துக்குப் பொருள் வேண்டும். இன்ன தரவு இன்ன நோக்கத்துக்காகச் செல்கின்றது என்ற விவரமின்றி எவ்வியக்கமும் பதாகையில் எதனையும் எழுத இயலாது. அவ்விவரத்தை வெளிக்கொணர்ந்தது ஒரு கோவை இலக்கமும் தளராத ஒரு தந்தையுமே. தனி மனித முயற்சி என்று அதனை இகழ்வோர், கூட்டு முயற்சி எதுவும் அதுவரை இவ்விவரத்தை வெளிக்கொணரவில்லை என்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

ஆனால் அம்முயற்சிக்கு அவர் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. பிள்ளையின் பெயர் ஊரறிய வெளிப்பட்டதை எதிர்க்கப் புகுந்தவரின் பெயர் நாடறிய வெளிப்பட்டது. பெயர் எழுதாத மொட்டைக் கடிதத்துக்கு இப்பாதையில் இடமில்லை. முறைப்பாட்டாளன் என்ற உரிமை பெற வேண்டுமாயின் பெயரும் முகவரியும் கொடுத்தேயாகவேண்டும். அந்தரங்கத்தைக் காப்பதற்கு அந்தரங்கத்தையே முதலாக வைக்கவேண்டியுள்ளமை இவ்வடிவத்தின் உள்முரண். எத்தனையோ பெற்றோர் பேசாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருத்தல் கூடும். பாடசாலை வாசலில் ஆசிரியரை நாள்தோறும் சந்திக்கவேண்டியவர் வழக்காளியாக நிற்கத் தயங்குவது குற்றமன்று.

2024 யனவரி 30ஆம் திகதி வெளியான தீர்ப்பே இவ்வழக்கின் உச்சம். டென்மார்க்கின் 98 நகரசபைகளுள் 53 அதில் அடங்கின. ஒருவரின் முறைப்பாடு நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நகரசபைகளைத் தொட்டுவிட்டது. பொதுப்பணி எத்துணை அளவுக்கு என்ற பழைய வினாவுக்கு அதில் நேரிய விடை கிடைத்தது. சேவையை வழங்குவதற்கும், அதன் பாதுகாப்பையும் நம்பகத்தையும் பேணுவதற்கும் மாணவர் தரவை நிறுவனத்திடம் கொடுக்கப் பாடசாலைச் சட்டம் இடமளிக்கின்றது. அந்நிறுவனம் தன் மென்பொருளையும் உலாவியையும் மேம்படுத்திக்கொள்வதற்கும், புதிய அம்சங்களையும் சேவைகளையும் ஆக்குவதற்கும் கொடுக்க அச்சட்டம் இடமளிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுதல் நகரசபையின் பணி. ஒரு நிறுவனத்தின் பண்டத்தைச் செப்பனிடுவதற்குப் பிள்ளைகளை உதவவிடுதல் அப்பணியில் அடங்காது. 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதிக்குள் இதற்கமைய நடக்கவேண்டும் என ஆணையிடப்பட்டது.

இதன் பின் நிகழ்ந்தது விமர்சகனை இருமனப்படச் செய்வது. நகரசபைகளின் சங்கம் நிறுவனத்துடன் பேசியது. ஒப்பந்த வாசகங்கள் மாற்றப்பட்டன. மாணவர் தரவை நகரசபைகளின் அறிவுறுத்தலுக்கு அமையவே கையாள நிறுவனம் இணங்கியது. குரோம்புக்குகள் வகுப்பறைகளிலேயே இருந்தன. தனியொருவர் தொடங்கிய வழக்கு உலகப் பெருநிறுவனமொன்றின் ஒப்பந்தத்தை மாற்றியமை சிறிய காரியமன்று. இதனை இகழ்வது அறியாமை. ஆயின் மாறியது வாசகம். பிள்ளையின் கட்டுரை எழுதப்படும் இடமும் திருத்தப்படும் இடமும் முன்பு இருந்தவாறே உள்ளன. சட்டத்துக்கு இணங்காதிருந்த சார்புநிலை இப்பொழுது சட்டத்துக்கு இணங்கிய சார்புநிலையாயிற்று. நகரசபை வேறோர் ஏற்பாட்டைத் தானே அமைக்கவேண்டும் என எந்த அதிகாரசபையும் பணிக்க இயலாது. அது அரசியலின் பாற்பட்டது. முறைப்பாடு நீதியைக் கேட்கலாம், பாடசாலைக்கு எத்தகைய கருவி வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அதனால் இயலாது. இவ்வெல்லையை உணராது முறைப்பாட்டைப் போற்றுவோரும், இவ்வெல்லையைச் சுட்டிக்காட்டி முறைப்பாட்டைத் தூற்றுவோரும் ஒரே தவறைச் செய்கின்றனர்.

அயல்நாடான சுவீடனில் பெற்றோர் வேறொரு வழியை நாடினர். ஸ்ரொக்ஹோம் நகரம் பெரும் பொருட்செலவில் அமைத்த பாடசாலைக் கணினித் தளம் பயன்படுத்தக் கடினமாயும் பாதுகாப்புக் குறைந்ததாயும் இருந்தது. குறைபாடுகளுக்காகத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2020இல் அந்நகருக்கு 40 இலட்சம் குரோனர் தண்டம் விதித்தது. நிரலாக்கம் தெரிந்த பெற்றோர் சிலர் முறைப்பாட்டோடு அமையாது, 2021இல் தாமே ஒரு திறந்த செயலியை ஆக்கி வெளியிட்டனர். நகரசபை என்ன செய்தது? தரவுப் பாதுகாப்பின் பெயரால் அவர்களைப் பற்றிப் பொலிசில் முறைப்பாடு செய்தது. விசாரணை குற்றமெதுவும் காணாது முடிந்தது. பின்னர் நகரசபையே இறங்கிவந்தது. நகைப்புக்கிடமான இந்நிகழ்ச்சியிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தனியுரிமை என்னும் சொல்லைக் குடிமகன் நகரசபைக்கு எதிராகவும் எடுக்கலாம். நகரசபை குடிமகனுக்கு எதிராகவும் எடுக்கலாம். அச்சொல் எவர் பக்கமும் பிறப்பிலேயே சார்ந்ததன்று.

இந்நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வைரோப்பிய மரபைப் பெரிதும் தழுவியது. நிறைவேற்றப்பட்ட வடிவில் அது பொது அதிகாரசபைகளையும் கட்டுப்படுத்துகின்றது. தாக்க மதிப்பீட்டையும் வேண்டுகின்றது. தரவுக்குரியவர் முதலில் தரவை வைத்திருப்பவருக்கே எழுத்தில் வேண்டுகோள் விடுக்கவேண்டும். அங்கு நியாயம் கிடையாவிடின் அதிகாரசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். ஹெல்சிங்கோர் வழக்கை வாசிப்போர் இவ்வொழுங்கில் முதற்படியையே கவனித்தல் வேண்டும். நகரசபைக் கந்தோரில் ஒரு கடிதத்தைக் கையளித்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பம் வாங்குவதன் சிரமத்தை இங்குள்ளோர்க்கு விளக்கத் தேவையில்லை. பெட்டிசக்காரன் என்ற பெயரும் உடன் வரும்.

டென்மார்க் வழக்கிலிருந்து இன்னுமோர் இழை நீண்டு சென்றது. கூகிள் தன் பணியை நிறைவேற்ற வேறு நிறுவனங்களை அமர்த்துகின்றது. அவை மேலும் சிலவற்றை அமர்த்தலாம். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை நகரசபை அறிந்திருக்கவேண்டுமா என டென்மார்க் அதிகாரசபை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபையிடம் வினவியது. 2024 ஒக்டோபரில் வெளியான கருத்துரை, அத்தகைய ஒவ்வொரு நிறுவனத்தின் அடையாளமும் எக்காலத்தும் கைக்கெட்டும் நிலையில் இருத்தல் வேண்டும் என்றது. அஃதாவது, ஒரு பிள்ளையின் தந்தை வந்து கேட்டால் நகரசபை எழுத்தர் ஒரு பட்டியலை எடுத்து நீட்டவேண்டும். யூரியூப்பில் அக்கருத்து வெளியாகி அப்பொழுது ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. கீழ்வகுப்பிலிருந்த அச்சிறுவன் அவ்வகுப்புகளைக் கடந்துவிட்டிருந்தான்.